வாய் திறக்காத ஏலம்

தாடையைக் கம்பி போட்டுக் கட்டிவிட்டோம், ஆறு வாரத்துக்கு வாயைத் திறக்க முடியாது என்று டாக்டர் வெளியே வந்து சொன்னபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் முதலில் குரலெடுத்து அழுதது நாத்தனார்தான். அடிபட்டவளின் கணவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை அவருக்கும் கட்டு. அவர் அழவில்லை. அக்காவைப் புரியாமல் பார்த்தார்.

"ஏன்க்கா அழுற? உயிருக்கு ஒண்ணும் இல்லைன்னுதானே சொல்றாரு?"

"என் கருநாக்குடா இது! அவ நம்ம வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து சொல்லிட்டிருந்தேனே, உன் வாயைத் தைச்சாத்தான் இந்த வீட்டுக்கு நிம்மதின்னு. இப்ப நிஜமாவே தைச்சுட்டாங்களே!"

"தைக்கலைங்க, கம்பிதான்," என்று டாக்டர் திருத்தினார்.

"கம்பியா!" என்று நாத்தனார் இன்னும் பெரிதாக அழுதாள்.

டாக்டர் கணவரின் கையில் ஒரு சின்ன கட்டிங் பிளேயரைக் கொடுத்தார். வாந்தி வந்து மூச்சு முட்டினால் யோசிக்காமல் கம்பியை வெட்டிவிட வேண்டும், அதனால் இது எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும் என்றார். கணவர் அதை ஒரு கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். குளிக்கும்போதுகூடக் கழற்றவில்லை.

அடிபட்டவளுக்கு மீன் சந்தையில் ரேடியோ என்று பெயர். யார் வைத்தது என்று தெரியாது. அந்தப் பெயரைச் சொன்னால்தான் அவளும் திரும்பிப் பார்ப்பாள். படகுகள் வந்து அணையும் துறையை ஒட்டி ஏலக்கூடம். உள்ளே மூன்று மேடைகள். வாசலை ஒட்டிய முதல் மேடை அவளுடையது. மேடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, முழங்கால் உயரத்துக்கு ஒரு சிமெண்டுத் திட்டு. ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு அதில் ஏறி நின்றால், கூடை கூடையாக வரும் மீனையெல்லாம் கூவியே விற்றுத் தீர்த்துவிடுவாள். விலையை ஒரு மூச்சில் சொன்னால் அடுத்த மூச்சில் கிண்டல் வரும். "என்னண்ணே, பர்ஸை வீட்டுல விட்டுட்டு வந்தீங்களா, இல்ல மனசை விட்டுட்டு வந்தீங்களா?" என்பாள். கேட்டவர் சிரித்துக்கொண்டே விலையை ஏற்றிவிடுவார். சிரித்து முடிக்கும்போதுதான் ஏற்றியது அவருக்கே உறைக்கும்.

அவள் கணவர் ஐஸ் ஃபேக்டரியில் ஐஸ் உடைக்கும் மெஷின் ஓட்டுபவர். அந்த மெஷின் போடும் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. அங்கே எல்லாம் கைஜாடைதான். அதுவே பழகிப்போய் வெளியிலும் அவர் வாயைத் திறப்பது அபூர்வம். அவள் பேசுவாள், அவர் "ம்" என்பார். அந்த "ம்"மிலேயே கோபம், சந்தோஷம், பசி எல்லாம் தனித்தனியாக உண்டு என்று அவள் சொல்வாள். சந்தையில் அவரை ஐஸ் என்றே கூப்பிட்டார்கள்.

விபத்தும் அவள் பேசிக்கொண்டிருந்தபோதுதான் நடந்தது. ஏலம் முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவள் பின்னால் உட்கார்ந்து, தினமும் மீன் வாங்க வரும் ஹோட்டல்காரர் அன்றைக்கு எப்படி ஏமாந்தார் என்பதை அவர் காதோரம் சொல்லிக்கொண்டு வந்தாள். முன்னால் போன வேனில் பிளாஸ்டிக் பெட்டிகளை அடுக்கிக் கட்டியிருந்த கயிறு அறுந்தது. ஒரு பெட்டி நடுரோட்டில் விழுந்து குதித்தது. அவர் வண்டியைச் சட்டென்று ஒடித்தார். வண்டி சரிந்தது. அவர் கையைத் தேய்த்துக்கொண்டு ரோட்டோடு போனார். அவள் பறந்துபோய் நடைபாதையின் ஓரக்கல்லில் முகவாய் மோத விழுந்தாள். ஹெல்மெட் தலையைக் காப்பாற்றியது. தாடை அதற்கு வெளியே இருந்துவிட்டது. இரண்டு இடத்தில் முறிவு, மூன்று பல் போயிற்று.

வீட்டுக்கு வந்தபின் ஸ்ட்ராவில் உறிஞ்சக்கூடியது எதுவோ அதுதான் சாப்பாடு. நாத்தனார் தன் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வந்து அவர்கள் வீட்டிலேயே தங்கிவிட்டாள். காய்கறி, பருப்பு, பழம், கறி என்று கையில் கிடைத்ததையெல்லாம் அரைத்து வடிகட்டி சூப் வைத்தாள். ரேடியோ கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சினாள். பல்லுக்குள்ளிருந்து முனகலாகக் குரல் வரத்தான் செய்தது. பக்கத்தில் காதை வைத்துக் கேட்டால் புரியும், ஒரு கை தூரம் தள்ளி நின்றால் ஒன்றும் புரியாது. அதனால் அவளும் கணவரும் கைஜாடைக்கு மாறினார்கள். ஏலக்கூடத்தில் விலை கேட்பதும் விரலால்தான், ஐஸ் ஃபேக்டரியில் பேச்சும் விரலால்தான். இரண்டும் கலந்து அவர்களுக்குள் ஒரு பாஷை உருவாகிவிட்டது. நாத்தனாருக்கு மட்டும் அது பிடிபடவில்லை.

"என்ன சொல்றா? என்னைப் பத்தியா சொல்றா?"

"இல்லக்கா. தண்ணி கேக்கறா."

"தண்ணிக்கு எதுக்குடா இவ்வளவு நேரம் கையை ஆட்டணும்? என்னைத் திட்டித்தான் இருப்பா. திட்டட்டும். சண்டை போட ஆளில்லாம எனக்கு நாக்கே செத்துப்போச்சு."

அடிபட்டு மூன்றாவது வாரத்தில், மூன்று படகுக்குச் சொந்தக்காரரான தாடிக்காரர் பழக்கூடையோடு வந்தார். அவர் மீன் எப்போதும் ரேடியோ மேடைக்குத்தான் போகும். வந்தவர் பழக்கூடையை மேஜைமேல் வைத்துவிட்டு, கடிக்க முடியாதவளுக்குப் பழம் வாங்கி வந்ததை அப்போதுதான் உணர்ந்து, அதைத் திரும்பக் கையில் எடுத்து, பிறகு மறுபடியும் வைத்தார்.

"நீ இல்லாம அங்க சந்தை சந்தையாவே இல்ல தங்கச்சி," என்றார். "முதல் மேடையை மைக்குக்குக் கொடுத்துட்டாங்க."

மைக் என்பது இரண்டாவது மேடையில் ஏலம் விடுகிற இளைஞன். கையில் மைக், இடுப்பில் பேட்டரிப் பெட்டி, தோளில் ஸ்பீக்கர் என்று வந்து நிற்பான். காது கிழியும்.

"அவன்கிட்ட என்ன பிரச்சினைன்னா, அவசரம். ஒரு தரம் ரெண்டு தரம் மூணு தரம்னு ஒரே மூச்சுல சொல்லி முடிச்சுடறான். வாங்குறவன் யோசிக்கவே நேரமில்ல. ராத்திரி பூரா கடல்ல கிடந்து பிடிச்சதைத் தண்ணி விலைக்குத் தள்ளிவிட்டா என் ஆளுங்க என்ன ஆவாங்க? நீ எப்ப வருவே?"

ரேடியோ விரலால் வாரக்கணக்கைக் காட்டினாள். தாடிக்காரர் முகம் விழுந்துவிட்டது. அப்போது கதவோரம் நின்றிருந்த கணவர் தொண்டையைக் கனைத்தார்.

"அவ கையைக் காட்டட்டும். நான் சொல்றேன்."

மூன்று பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். நாத்தனாரின் கையில் மிக்ஸி மூடி அப்படியே நின்றது.

"நீயாடா?" என்றாள். "உன் கல்யாணத்துல போட்டோக்காரன் சிரின்னு சொன்னதுக்கே உனக்கு வேர்த்துக் கொட்டிச்சு."

ரேடியோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் கம்பி இழுத்து உயிர் போகும். இரண்டு கையாலும் தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, உடம்பு குலுங்கச் சிரித்தாள். பிறகு கணவரைப் பார்த்துச் சரி என்று தலையாட்டினாள்.

மறுநாள் விடியும் முன் இன்னொரு சிக்கல். வண்டி மெக்கானிக்கிடமிருந்து திரும்பி வந்து ஒரு வாரமாக வாசலில் உறை போட்டபடி நின்றது. அவர் அதைத் தொடவே இல்லை, வேலைக்கு பஸ்ஸில்தான் போய்வந்தார். அந்த நேரத்துக்குத் துறைப்பக்கம் பஸ் கிடையாது. "கொஞ்சம் நிக்கலாம், ஆட்டோ ஏதாவது வரும்," என்றார். அவள் போய் உறையை உருவிப் போட்டாள். சீட்டைத் தட்டினாள். அவர் சாவியைப் போட்டார். அவள் பின்னால் ஏறி உட்கார்ந்து, முதுகில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

அன்று அவர் ஓட்டிய வேகத்துக்குப் பேப்பர் போடுகிறவர் சைக்கிளில் அவர்களைத் தாண்டிப் போனார். தாண்டும்போது, "பெட்ரோல் தீந்துபோச்சா?" என்று அக்கறையாகக் கேட்டுவிட்டும் போனார். ரேடியோ முதுகில் பலமாக ஒரு குத்து விட்டாள். வேகம் கூடவில்லை. விழுந்த இடம் வந்ததும் வண்டி தானாக நின்றதுபோல் நின்றுவிட்டது. அவர் இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு அந்த ஓரக்கல்லையே பார்த்தார்.

அவள் இறங்கினாள். நிதானமாக நடந்துபோய் அந்தக் கல்முன் நின்றாள். பிறகு ரப்பர் பூட்ஸ் காலால் அதை ஓங்கி ஓர் உதை உதைத்தாள். இன்னொன்றும் உதைத்தாள். திரும்பி வந்து ஏறி உட்கார்ந்து, முதுகில் தட்டினாள். அதற்குப் பிறகு வண்டி ஓரளவு வண்டியைப்போல் போயிற்று.

ஏலக்கூடத்தில் அவர்களுக்குக் கிடைத்தது மூன்றாவது மேடை. கடைசி மூலை, சாக்கடைப் பக்கம். அங்கே யாரும் விரும்பி வருவதில்லை. ஆனால் வீங்கிய முகத்தோடு ரேடியோ வந்திருக்கிறாள் என்றதும் கூட்டம் கூடிவிட்டது. "அக்கா, எப்படி இருக்கீங்க?" என்று நாலாபுறமும் கேட்டார்கள். அவள் பல்லைக் காட்டினாள். கம்பி தெரிந்தது. ஒருவர் உச்சுக்கொட்டினார்.

முதல் கூடை கணவாய். ஐஸ் அவளுக்குப் பக்கத்தில் திட்டில் ஏறி நின்றார். கழுத்தில் கட்டிங் பிளேயர் தொங்கியது. வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. மறுபடியும் திறந்தார்.

"கணவாய்," என்றார்.

கூட்டம் காத்திருந்தது. அவர் அதோடு நின்றுவிட்டார்.

"கணவாய்ங்கறது எங்களுக்கே தெரியுது மாமா, விலையைச் சொல்லுங்க!" என்றது ஒரு குரல். "ஐஸ் இன்னும் உருகலைப்பா, வெயில் வரட்டும்!" என்றது இன்னொன்று. கூடமே சிரித்தது. ஐஸின் காது இரண்டும் சிவந்துவிட்டன. ரேடியோ அவர் விலாவில் முழங்கையால் இடித்து, விரலைக் காட்டினாள். அவர் அந்த விலையைச் சொன்னார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கனமாக வந்தது.

சைக்கிளில் மீன் விற்கிற அக்கா ஒரு விலை கேட்டாள். வேறு யாரும் கேட்கவில்லை. அவ்வளவுதான் போலிருக்கிறது என்று எல்லாரும் நினைத்த நேரத்தில் ரேடியோ ஹோட்டல்காரரைக் கவனித்தாள். கூடைக்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டு அவர் போனை எடுத்து நோண்ட ஆரம்பித்திருந்தார். ஒரு மீன் மனசுக்குப் பிடித்துவிட்டால் அவர் போனை எடுப்பார். வேண்டாதவர்போல் நிற்பதற்கு அது ஒரு வழி. வேறு நாளாக இருந்தால் அவள் ஒரு கிண்டலை வீசியிருப்பாள், அவரும் சிரித்து மழுப்பியிருப்பார். இன்றைக்கு வீச ஒன்றுமில்லை. அதனால் அவரை வெறுமனே பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஒரு தரம்," என்றார் ஐஸ்.

ஹோட்டல்காரர் நிமிர்ந்தார். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் போனைப் பைக்குள் வைத்தார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். எல்லாரும் அவள் பார்வை போகும் திசையில் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐஸுக்கு அடுத்த வார்த்தை தொண்டையில் சிக்கிக்கொண்டது. இரண்டாவது தரம் வர நேரமாகியது. அந்த இடைவெளியைத் தாங்க முடியாமல் ஹோட்டல்காரர் விரலைத் தூக்கினார். உடனே சைக்கிள் அக்கா தூக்கினாள். இவர் மறுபடி தூக்கினார். கடைசியில் அந்தக் கணவாய், முதல் மேடையில் மைக் விற்ற கணவாயைவிட நல்ல விலைக்குப் போனது.

"ஒரு தரத்துக்கும் ரெண்டு தரத்துக்கும் நடுவுல ஒரு டீ குடிச்சுட்டு வந்துடலாம்யா," என்று ஹோட்டல்காரர் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார். கூட்டம் சிரித்தது. இந்தத் தடவை ஐஸும் சிரித்தார்.

அவளுக்கு அன்று முழுவதும் ஒரே யோசனை. தன் வாய்தான் மீனை விற்கிறது என்று இத்தனை வருஷமாக நம்பியிருந்தாள். யாருக்கு எந்தக் கூடை வேண்டும், யார் எந்த விலையில் பின்வாங்குவார், யார் யாருக்கு விட்டுக்கொடுக்க மாட்டார் என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரிந்துதான் இருந்தது. பேச்சு வேகத்தில் அதைத் தானே கவனித்ததில்லை.

நாள் போகப்போக மூன்றாவது மேடையைச் சுற்றிக் கூட்டம் பெருகியது. ஐஸின் தொண்டை கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. அவருக்கென்று ஒரு பாணியும் வந்துவிட்டது. மீன் பெயர், விலை, ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். அதற்குமேல் ஒரு சொல் கிடையாது. தாடிக்காரரைப் பார்த்து இன்னும் இரண்டு படகுக்காரர்கள் மீனை அங்கே அனுப்ப ஆரம்பித்தார்கள்.

மைக்குக்குப் பொறுக்கவில்லை. மேடைகளைப் பிரித்துக் கொடுக்கும் சந்தைச் சங்கத்தின் செயலாளரை அழைத்துக்கொண்டு வந்து நின்றான்.

"இது என்ன ஏலமா, புருஷன் பொண்டாட்டி நாடகமா?" என்றான். "மேடைக்கு ஒரு ஆள்னுதானே பேச்சு? இவங்க ரெண்டு பேர் நிக்கறாங்க. ஏலம்னா வாயால கூவறது. வாயே திறக்காதவங்களுக்கு மேடை எதுக்கு?"

செயலாளர் யாருக்கும் வலிக்காமல் பேசப் பழகியவர். இருபக்கமும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கம்பி எடுக்குற வரைக்கும் இப்படியே ஓடட்டும். எடுத்ததுக்கப்புறம் அவங்களே கூவட்டும். முடியலைன்னா மேடையை வேற ஆளுக்கு விட்டுடணும். என்னம்மா, சரிதானே?"

ரேடியோவின் கை எழுந்தது. அவள் காட்ட நினைத்தது என்னவோ, அதற்குள் ஐஸ் பேசிவிட்டார்.

"கூவுவா," என்றார்.

கம்பி எடுத்த அன்று வீட்டில் மூன்று பேரும் சமையலறையில் உட்கார்ந்திருந்தார்கள். முதல் வார்த்தை என்ன வரப்போகிறது என்று நாத்தனார் அவள் வாயையே பார்த்தாள். ரேடியோ உதட்டை நனைத்துக்கொண்டாள். பல்லுக்கு நடுவே ஒரு விரல் நுழையும் அளவுக்கு வாய் திறந்தது, அதற்குமேல் போகவில்லை. அந்த இடுக்கு வழியாகச் சொன்னாள்:

"அண்ணி, உங்க சூப்புல முதல் நாள்லேர்ந்து உப்பே இல்ல."

"டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னாருடி!"

"குறைக்கத்தான் சொன்னாரு. ஒழிக்கச் சொல்லல."

நாத்தனார் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, நன்றிகெட்டவளே என்று ஆரம்பித்து அரைமணி நேரம் திட்டினாள். இரண்டு பேருக்கும் அது போதாமல் சாயந்தரம் மறுபடியும் ஆரம்பித்தார்கள்.

ஆனால் பேசுவது வேறு, கூவுவது வேறு. தாடைத் தசைகள் இறுகிப்போயிருந்தன. தட்டையான ஐஸ்கிரீம் குச்சிகளைப் பல்லுக்கிடையே அடுக்கி, ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போகச் சொன்னார் டாக்டர். அடுக்கினாள். கண்ணில் பொறி பறந்தது. போன மூன்று பல்லின் வழியாகக் காற்று சீறியது. குரலை உயர்த்தினால் காதுக்கு முன்னால் சுரீரென்று வலித்து, வாய் பாதியில் பூட்டிக்கொண்டது. கொல்லைப்புறத்தில் நின்று கூவிப் பார்த்தாள். "சூரை" என்று மீன் பெயரைச் சொன்னால் விசில் அடித்தது. பக்கத்து வீட்டு நாய் எழுந்து வந்து பார்த்தது.

அன்று மத்தியானம் அவள் கணவரைத் தேடி ஐஸ் ஃபேக்டரிக்கே போனாள். சாப்பாட்டு இடைவேளை. மெஷின் நின்றிருந்தது. ஈரத் தரையில் கவிழ்த்துப் போட்ட பெட்டிமேல் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பழைய மாதிரி என்னால முடியாதுங்க," என்றாள். "அன்னைக்கு எல்லார் முன்னாடியும் கூவுவான்னு சொல்லிட்டீங்க. கூவத் தெரியாதவ மாதிரி நிக்கப்போறேன்."

அவர் டப்பாவை மூடி வைத்தார்.

"பழைய மாதிரி எதுக்கு?" என்றார். பிறகு அவள் அவரிடம் கேட்டதிலேயே மிக நீளமான பேச்சு வந்தது. "நான் மேடையில நின்னேன். எனக்குத் தொண்டையும் கிடையாது, தைரியமும் கிடையாது. என்னை வச்சே நீ வித்தே. யாரைப் பாக்கணும், எப்ப நிறுத்தணும்னு எல்லாம் உன் கைதான் சொல்லிச்சு. நான் வெறும் ஸ்பீக்கர். உனக்கு ஒரு விரல் அளவுக்கு வாய் திறக்குது. அது போதும். எனக்கு இத்தனை வருஷத்துல அவ்வளவுகூடத் திறந்ததில்ல."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "இவ்வளவு பேச்சை எங்க வச்சிருந்தீங்க?"

"நீ எங்க விட்டே?" என்றார்.

அவள் மேடையேற வேண்டிய நாளன்று கடலே அள்ளிக் கொடுத்தாற்போல் சூரை வந்திருந்தது. கூடம் முழுக்கக் கருநீல முதுகுகள் பளபளத்தன. சாதாரணமாகத் தலைகாட்டாத ஏற்றுமதிக் கம்பெனிக்காரரும் வெள்ளைச் சட்டையில் வந்து நின்றார். செயலாளர் மூன்றாவது மேடைக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நாத்தனார் வாழ்நாளில் முதல் தடவையாகச் சந்தைக்கு வந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு தூணோடு ஒட்டி நின்றாள். முதல் மேடையில் மைக் தொடங்கிவிட்டான். ஸ்பீக்கர் அலறியது.

ரேடியோ தனியாக ஏறினாள். ஐஸ் கீழேயே நின்றுகொண்டார். தாடிக்காரரின் ஆட்கள் நான்கு பேர் சேர்ந்து அன்றைக்கு வந்ததிலேயே பெரிய சூரையைக் கொண்டுவந்து அவள் காலடியில் கிடத்தினார்கள்.

"சூரை," என்றாள். விசில் வந்தது. வரட்டும் என்று விலையையும் சொன்னாள். தணிந்த குரல். பாதிப் பேருக்குக் கேட்கவில்லை.

"சத்தமாச் சொல்லு ரேடியோ! காது கேக்கல!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

அவள் அந்தப் பக்கம் திரும்பினாள்.

"கேக்கணும்னா கிட்ட வா," என்றாள்.

முன்வரிசை சிரித்தது. என்ன சொன்னாள் என்று இரண்டாம் வரிசை கேட்டது. பின்னாலிருந்தவர்கள் முன்னால் நெருங்கினார்கள். நெருங்கியவர்கள் பக்கத்திலிருப்பவர்களை "உஸ்" என்று அடக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் மேடையைச் சுற்றி ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. எதற்காக இந்தப் பக்கம் எல்லாரும் இப்படி மூச்சுவிடாமல் நிற்கிறார்கள் என்று முதல் மேடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் வந்தார், பிறகு நாலு பேர் வந்தார்கள். ஏற்றுமதிக் கம்பெனிக்காரரும் மைக் கூவிக்கொண்டிருந்த கூடையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து நின்றார்.

"யோவ், அந்த மைக்கை நிறுத்துய்யா! இங்க ஏலம் காதுல விழல!" என்று சைக்கிள் அக்கா கத்தினாள்.

மைக் எதிரே எஞ்சியிருந்தவர்களைப் பார்த்தான். இரண்டு பேர்தான் நின்றார்கள், அவர்களும் கழுத்தைத் திருப்பி இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்பீக்கர் கரகரத்து நின்றது.

ஹோட்டல்காரர் விலை கேட்டார். கம்பெனிக்காரர் அதற்குமேல் கேட்டார். ரேடியோ இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு சொல் அதிகம் பேசவில்லை. ஒருவர் விரல் இறங்கும்போது மற்றவர் பக்கம் திரும்பிப் புருவத்தைச் சற்றே தூக்குவாள், அவ்வளவுதான். விலை ஏறிக்கொண்டே போனது. அந்தப் பருவத்தில் யாரும் கேட்டிராத இடத்தைத் தாண்டிற்று. ஹோட்டல்காரர் உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டினார். அவர் கை இறங்கிவிட்டது.

"ஒரு தரம்," என்றாள். கூடம் அசையவில்லை.

"ரெண்டு தரம்."

மூன்று என்று சொல்ல வாயைத் திறந்தபோது, காதுக்கு முன்னால் அந்த வலி சுரீரென்று பாய்ந்தது. தாடை பூட்டிக்கொண்டது. சொல் வெளியே வரவில்லை. முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளக் கூடாது என்று அவள் மூக்கால் மூச்சை இழுத்துவிட்டாள். வேறெங்கே பார்ப்பது என்று தெரியாமல் நேரெதிரே இருந்த ஹோட்டல்காரரையே பார்த்தாள். கீழே ஐஸுக்குப் புரிந்துவிட்டது. அவர் கை முஷ்டியாக இறுகியது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. இது அவள் சொல்ல வேண்டிய சொல்.

நேரம் ஓடியது. யாரும் இருமக்கூட இல்லை. ஹோட்டல்காரரின் நெற்றியில் வேர்வை அரும்பியது. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றார்.

"அப்படிப் பாக்காதம்மா!" என்று கத்திவிட்டு, இரண்டு கையையும் தூக்கி இன்னொரு விலை கேட்டுவிட்டார்.

கம்பெனிக்காரர் கையை விரித்துக்காட்டிவிட்டுப் பின்வாங்கினார். ரேடியோவின் தாடை மெல்ல இளகியது. அவள் எச்சிலை விழுங்கிக்கொண்டாள்.

"ஒரு தரம்," என்றாள் முதலிலிருந்து. "ரெண்டு தரம்." கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். "மூணு தரம்!"

கூரைத் தகரம் அதிர்ந்தது. தாடிக்காரரின் ஆட்கள் ஒருவரையொருவர் தூக்கிக்கொண்டு குதித்தார்கள். மூக்கைப் பொத்தியிருந்த நாத்தனார் கையை எடுத்து, "எங்க வீட்டுப் பொண்ணு! எங்க வீட்டுப் பொண்ணு!" என்று பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரின் தோளைப் போட்டு அடித்தாள். ஐஸ் பக்கத்திலிருந்த பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்.

"அந்த நிறுத்தம் இருக்கே!" என்று ஹோட்டல்காரர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். "என்னா சாமர்த்தியம்! கழுத்துல கத்தி வச்ச மாதிரி இருந்துச்சு!" சாமர்த்தியம் இல்லை, வலி என்று ரேடியோ அவருக்குச் சொல்லவில்லை. அவர் அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

செயலாளர் கைக்கட்டை அவிழ்த்தார். "இதுக்குமேல நான் என்ன சொல்றது? நாளையிலேர்ந்து முதல் மேடை உங்களுக்கே."

"அது முதல்லேர்ந்தே எனக்குத்தான்," என்றாள் ரேடியோ.

மைக் ஸ்பீக்கரைத் தோளிலிருந்து இறக்கிக்கொண்டே வந்தான். முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளப் பார்த்தான், முடியவில்லை. "காலையிலேர்ந்து கத்தி என் பேட்டரிதான் தீந்துச்சு," என்றான். சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரிக்க, அவனும் சேர்ந்து சிரித்தான்.

அதற்குள் அடுத்த கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டார்கள். இறால். ஐஸ்தூளுக்கு நடுவே மீசை துடித்துக்கொண்டிருந்தது. கூட்டம் இன்னும் இரைந்துகொண்டிருந்தது. ரேடியோ தாடையை இரண்டு பக்கமும் மெல்ல நீவிவிட்டுக்கொண்டு, திட்டின்மேல் காலை அகட்டி ஊன்றி நின்று, எல்லாரும் வாயை மூடும்வரை காத்திருந்தாள்.